கடலில் விட இருந்த கடிதங்கள்

தாராவியில் கணக்கெடுப்பு என்றதும் வீட்டுக்கு வீடு பெட்டி திறந்தார்கள்.

2024-ம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கிய கணக்கெடுப்பு அது. 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததற்கு அத்தாட்சி இருந்தால், தாராவியிலேயே 350 சதுர அடியில் இலவச வீடு. இல்லாதவர்கள் வேறு இடத்துக்குப் போக வேண்டும். ரேஷன் கார்டு, லைட் பில், வாக்காளர் பட்டியல் நகல் என்று ஊரே காகிதம் தேடியது. பரணில் கிடந்த டிரங்குப் பெட்டிகள் எல்லாம் கீழே இறங்கின.

90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அப்படி ஒரு பெட்டி இறங்கியது. பாட்டனார் வைத்திருந்த பெட்டி. அவர் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். தாமிரபரணிக் கரையோரத்து ஊரில் இருந்து 1950-களில் பம்பாய் வந்தவர். காலமாகிப் பல வருஷம் ஆகிறது.

பெட்டியின் அடியில் துணியில் சுற்றிய ஒரு கட்டு. பிரித்தால், 17 பழைய கடிதங்கள். எல்லாம் அரபு எழுத்து. வலமிருந்து இடமாக நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது.

பேரனுக்கு வயது 26. கூரியர் கம்பெனியில் வேலை. மதரசாவில் உருது படித்தவர். பள்ளியில் இந்தியும் மராத்தியும் இங்கிலீசும் படித்தவர். வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. அவர் நாலு வரி வாசிக்கப் பார்த்தார். அரபும் இல்லை, உருதும் இல்லை. ஒன்றும் புரியவில்லை.

"ஓதுற ஏடாத்தான் இருக்கும். கால் படாம எடுத்து வை. மாஹிம் கடல்லே விட்டுருவோம்" என்றார் அவருடைய தாயார்.

அது வழக்கம்தான். கிழிந்துபோன குர்ஆன் ஏடுகளைக் குப்பையில் போடமாட்டார்கள். மரியாதையாக மண்ணில் புதைப்பார்கள். அல்லது நீரில் விடுவார்கள்.

இந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு மூதாட்டி வந்தார். வயது 80-ஐத் தாண்டியவர். ஒரு கடிதத்தை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு சிரித்தார்.

"ஏடு இல்லலே இது. உன் அப்பாவுக்கு அவரு உம்மா எழுதுன காயிதம். மணியார்டர் வந்து சேர்ந்துட்டாம். ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்காம்" என்றார்.

அந்தப் பகுதியில் பாட்டனாரை அப்பா என்றுதான் அழைப்பார்கள்.

தமிழ் தான்!

அந்தக் கடிதங்களில் இருந்தது முழுக்க முழுக்கத் தமிழ். எழுத்து மட்டும் அரபு. இதற்கு அரபுத் தமிழ் என்று பெயர். அர்வி என்றும் சொல்வார்கள்.

காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கையின் கரையோர ஊர்கள் என்று தமிழ் முஸ்லிம்கள் வாழ்ந்த இடங்களில் எல்லாம் இது பல தலைமுறைகளாகப் புழங்கிய எழுத்து. மார்க்கச் சட்ட நூல்களும் பாட்டுகளும் மருத்துவக் குறிப்புகளும் வரவு செலவுக் கணக்குகளும் வீட்டுக் கடிதங்களும் இதில் உண்டு.

ஏன் இப்படி ஒரு எழுத்து வந்தது? தமிழ் எழுதத் தமிழ் எழுத்து இருக்கும்போது அரபு எதற்கு?

ஒரு சிறு உதாரணம் போதும். அரபியில் "கல்பு" என்று இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று இதயம். மற்றது நாய். முதல் எழுத்துதான் வேறு. இதயத்துக்குத் தொண்டையின் அடியில் இருந்து வரும் ககரம். நாய்க்குச் சாதாரணக் ககரம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். "உன் கல்பைச் சுத்தமாக வைத்துக்கொள்" என்று ஓர் ஆலிம் தமிழில் எழுதினால், அவர் எதைச் சொன்னார் என்று படிக்கிறவர் விழிக்க வேண்டும்! மார்க்கச் சொற்களை அவற்றின் எழுத்தோடு காப்பாற்ற வேண்டும். விளக்கமோ ஊர் பேசுகிற தமிழில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடம் கொடுத்தது அரபுத் தமிழ்.

ஆனால் அரபு எழுத்தை அப்படியே எடுத்துத் தமிழ் எழுதிவிட முடியாது. அரபியில் "ப" கிடையாது. "ட" கிடையாது. ண, ள, ழ, ற எதுவும் கிடையாது. ங, ஞ இல்லை. எகரமும் ஒகரமும் இல்லை. பழம் என்று ஒரு சொல் எழுத வேண்டும் என்றாலே இரண்டு எழுத்துக்கு வழியில்லை.

புள்ளி வைத்தார்கள்

அதற்கு அந்தக் காலத்து ஆலிம்கள் கண்டுபிடித்த வழி, புள்ளி.

அரபியில் "தால்" என்று ஓர் எழுத்து உண்டு. தகரத்தின் மெல்லிய ஓசை அதற்கு. அதன் கீழே ஒரு புள்ளி வைத்தால் அது "ட". "மாது" என்று எழுதி, தாலின் கீழே புள்ளி வைத்தால் "மாடு" ஆகிவிடும். "ரா" எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைத்தால் "ற". "நூன்" எழுத்துக்குக் கீழே புள்ளி வைத்தால் "ண". "ஃபா" எழுத்துக்கு ஏற்கனவே தலையில் ஒரு புள்ளி. கீழேயும் ஒரு புள்ளி வைத்தால் "ப".

அரபியின் 28 எழுத்தோடு இப்படி 12 எழுத்து சேர்ந்து 40 ஆயிற்று. உயிர்க் குறிகளை ஒன்றுவிடாமல் போட்டார்கள். உருதுப் பத்திரிகையில் சபர், ஜேர் போடாமலே எழுதுவார்கள். பழகியவர் ஊகித்துப் படிப்பார். அரபுத் தமிழில் ஊகத்துக்கு இடம் குறைவு. அதனால்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் இதில் தடுமாறாமல் படித்தார்கள்.

உருதும் செய்தது இதே வேலைதான். அரபியில் இல்லாத "ப"வுக்கு மூன்று புள்ளி, "ச"வுக்கு மூன்று புள்ளி, "ட"வுக்குத் தலையில் ஒரு சிறு குறி என்று சேர்த்துக்கொண்டது. ஆனால் உருது எடுத்த வழி வேறு, தமிழ் எடுத்த வழி வேறு. உருதில் "ப" பிறந்தது "பே" என்ற எழுத்தில் இருந்து. அரபுத் தமிழில் "ஃபா"வில் இருந்து. உருது படித்த அந்தக் கூரியர் இளைஞர் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான்.

ஏழாவது ஸ்டேஷன்

தாய்மொழியை அரபு எழுத்தில் எழுதுகிறவர்களைப் பார்க்க மும்பைக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். சயானில் ஸ்லோ லோக்கல் ஏறினால் ஏழாவது ஸ்டேஷன் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு. இறங்கினால் பேண்டி பஜார். அங்கே வாழும் தாவூதி போராக்களின் மொழி குஜராத்தி வழி வந்தது. அதை அவர்கள் அரபு எழுத்தில் எழுதுகிறார்கள். லிசானுத் தஅவத் என்று பெயர். இன்றும் அவர்கள் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

நம் அண்டை வீட்டு மலையாளிகளைக் கேளுங்கள். அரபு மலையாளம் என்பார்கள். கோழிக்கோட்டு காஜி முகம்மது 1607-ம் ஆண்டு பாடிய முஹ்யித்தீன் மாலை அந்த எழுத்தில்தான் பரவியது. மலபார் மதரசாக்களில் அரபு மலையாளம் இன்றும் பாட எழுத்தாக இருக்கிறது. மலாய்க்காரர்களின் ஜாவி எழுத்தும் இதே குடும்பம். சிங்கப்பூர், பினாங்கு போய் வந்தவர்கள் பலகைகளில் பார்த்திருப்பார்கள்.

சரி, நம்மவர்கள் விஷயத்துக்கு வருவோம்.

அரபுத் தமிழில் பெரிய பெயர், கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம். இமாமுல் அரூஸ் என்று சிறப்பித்துச் சொல்வார்கள். 1816-ல் பிறந்து 1898-ல் மறைந்தவர். கீழக்கரையில் அரூஸிய்யா மதரசாவை நடத்தியவர். இலங்கைக்குப் போய் ஊர் ஊராகப் பள்ளிவாசல் கட்டியவர்; ஓதிக்கொடுத்தவர். அரபியிலும் அரபுத் தமிழிலும் நூல்கள் எழுதினார். அவருடைய "மகானி" கரையோர வீடுகளில் பெயர் பெற்ற நூல். "பத்ஹுத் தய்யான்" என்ற மார்க்கச் சட்ட நூலை 1963-ல் கொழும்பில் இங்கிலீசில் கொண்டுவந்தார்கள். தமிழ் நூல், அரபு எழுத்தில் பிறந்து, இங்கிலீசுக்குப் போய்விட்டது!

இந்த நூல்களுக்குக் கைகொடுத்தது கல் அச்சு. ஈய எழுத்துக் கோப்பதானால் புள்ளி வைத்த 12 எழுத்துக்கும் தனி அச்சு வார்க்க வேண்டும். அதற்குச் செலவழிக்க யார் இருக்கிறார்கள்? கல் அச்சில் அந்தத் தொல்லை இல்லை. எழுத்தர் கையால் எழுதிக் கொடுப்பார். அதைக் கல்லில் மாற்றி அப்படியே அச்சடித்துவிடலாம். 19-ம் நூற்றாண்டில் கல் அச்சுக்குப் பெயர் போன ஊர் பம்பாய். அரபு, பார்சி, உருது என்று இங்கே அச்சான புத்தகங்கள் கப்பலேறி இந்துமாக்கடல் முழுவதும் போயின.

உம்மாக்களின் எழுத்து

ஆலிம்களும் நூல்களும் ஒரு பக்கம். இந்த எழுத்தை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றியவர்கள் பெண்கள்.

அந்தக் காலத்தில் பெண் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் வழக்கம் குறைவு. எந்தச் சாதி, எந்த மதம் என்றாலும் அதே கதைதான். ஆனால் முஸ்லிம் வீடுகளில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பதை மட்டும் விடமாட்டார்கள். தெருவில் ஓதிக்கொடுக்கிற அம்மா ஒருவர் இருப்பார். ஏழெட்டு வயதுக்குள் பெண் பிள்ளைக்கு அரபு எழுத்து கைக்கு வந்துவிடும். அதன்பிறகு 12 எழுத்தும் சில குறிகளும் கற்றுக்கொண்டால் போதும். வாயில் இருக்கிற தமிழைக் காகிதத்தில் இறக்கிவிடலாம்.

தமிழ் எழுத்து தெரியாது. அதனால் சர்க்கார் கணக்கில் கைநாட்டு. ஆனால் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பம்பாய்க்கும் போன மகனுக்கும் கணவனுக்கும் தன் கையாலேயே கடிதம் எழுதினார்கள். அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, சொல்லக் கூசுகிற சங்கதியைச் சொல்லி எழுதவைக்கும் அவதி அவர்களுக்கு இல்லை. கடிதம் எழுத ஆள் தேடி அலைந்த தாய்மார்களைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அந்த 17 கடிதங்களும் இந்த வகைதான். மேல்பக்கத்தில் விலாசம் மட்டும் வேறு யாரோ இங்கிலீசில் எழுதியது. தாராவி, பம்பாய்-17. பின்கோடு வந்தது 1972-ல். அதற்கு முந்திய கடிதங்கள் இவை.

எப்படிப் போயிற்று?

யாரும் தடை போடவில்லை. துருக்கியில் 1928-ல் சட்டம் போட்டு அரபு எழுத்தை நிறுத்தினார்கள். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை.

பள்ளிக்கூடம் வந்தது. பெண் குழந்தைகள் அ, ஆ படித்தார்கள். நல்ல காரியம். தமிழ் எழுத்தில் மார்க்கப் புத்தகங்கள் மலிவாகக் கிடைத்தன. பா. தாவூத்ஷா (1885-1969) "தாருல் இஸ்லாம்" பத்திரிகையைத் தமிழில் நடத்தி, மார்க்கத்தைத் தமிழில் படி என்றார். ஆ.கா. அப்துல் ஹமீது பாகவியின் தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்பு வீடுகளுக்குள் வந்தது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் தமிழ் முஸ்லிம்களுக்கு எப்போதும் இருந்த சொத்து. அந்த வரிசையில் தமிழ் எழுத்தே வென்றது. அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

வருத்தம், பழைய காகிதங்களுக்கு நேர்ந்த கதியில்தான்.

தமிழ் படித்தவருக்கு அது அரபு. அரபு படித்தவருக்கு அது புரியாத அரபு. ஓலைச்சுவடியைக் கரையான் தின்றது, ஆற்றில் விட்டார்கள் என்று நாம் கதை கதையாகக் கேட்டிருக்கிறோம். இங்கே நடந்தது அதைவிட விசித்திரம். அலட்சியத்தால் போனதைவிட மரியாதையால் போனது அதிகம் இருக்கும்! ஆடு குட்டி போட்ட செய்தியும், சுக்குக் கஷாயத்துக்குக் குறிப்பும், கடன் கணக்கும் வேதம் என்று நினைத்துப் பக்தியோடு புதைக்கப்பட்டன. எத்தனை உம்மாக்களின் கையெழுத்து இப்படிப் போயிற்றோ!

கீழக்கரை தைக்கா சுஐபு ஆலிம் இந்த நூல்களைத் தேடித் தொகுத்து, 1993-ல் இங்கிலீசில் ஒரு பெரிய ஆராய்ச்சி நூல் வெளியிட்டார். இலங்கையும் தமிழ்நாடும் சேர்ந்த வரலாறு அது. அதன்பிறகு பல்கலைக்கழகங்களில் இதைப் பற்றிப் படிக்கிறவர்கள் கூடினார்கள். ஆனால் ஆராய்ச்சிக்காரர்கள் தேடுவது நூல்களை. பரணில் கிடக்கும் கடிதக் கட்டு அவர்கள் கண்ணில் படாது. அது வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது.

மும்பைக்குப் பொருந்தும்

இது முஸ்லிம் வீட்டுச் சங்கதி என்று மற்றவர்கள் தள்ளிவிட வேண்டாம். தமிழை வேறு எழுத்தில் எழுதுவது புதிதும் இல்லை. 1554-ம் ஆண்டு லிஸ்பனில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகமே ரோமன் எழுத்தில் வந்ததுதான். தமிழ் எழுத்தில் "தம்பிரான் வணக்கம்" கொல்லத்தில் அச்சானது அதற்குப் பிறகு, 1578-ல்.

இன்று தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியும்? மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மற்றவர்கள்? பாட்டியிடம் தமிழில் வாய் ஓயாமல் பேசுவார்கள். போனில் செய்தி அனுப்பும்போது "சாப்பிட்டியா" என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவார்கள். சிலர் மராத்தி எழுத்தில் தமிழ்ப் பாட்டு எழுதி வைத்துப் பாடுவார்கள். திருநெல்வேலி உம்மா செய்ததும் அதுதானே? கைக்குப் பழகிய எழுத்தில், வாய்க்குப் பழகிய மொழி.

உம்மா காகிதத்தில் எழுதினார். அறுபது வருஷம் கழித்தும் பெட்டியில் இருக்கிறது. போனில் தட்டியது எத்தனை நாள் இருக்கும்?

பெட்டியில் இருந்து கடைசியில் 1994-ம் ஆண்டு லைட் பில் ஒன்றும் அகப்பட்டது. பாட்டனார் பெயரில் இருந்தது. கணக்கெடுப்புக்கு அது போதும் என்று தனியாக எடுத்து பிளாஸ்டிக் உறையில் வைத்தார்கள். கடிதக் கட்டால் கணக்கெடுப்புக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் அதைக் கடலில் விடுகிற பேச்சு நின்றுபோயிற்று.

பேரனுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர்வீட்டு மூதாட்டியை உட்காரவைத்து, ஒவ்வொரு கடிதத்தையும் வாசிக்கச் சொல்லிப் போனில் பதிவு செய்கிறார். கடிதத்தைப் படமும் எடுத்துக்கொள்கிறார். மூதாட்டிக்கு ஒரு கண்ணில் புரை. ஒரு நாளைக்கு ஒரு கடிதத்துக்கு மேல் முடியாது. நடுவில் டீ கொடுக்க வேண்டும். அந்த உம்மா மருமகளைப் பற்றி எழுதிய இடங்களை மூதாட்டி தாண்டிவிடுகிறார். "அதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்கிறார். அந்த மருமகள்தான் பேரனின் பாட்டி!

ஆறு கடிதம் இப்படி முடிந்தது. சலாம், சுகம், பணம் வந்த விவரம், மழை, ஊரில் இன்னார் மவுத்தான செய்தி, எப்போது வருவாய் என்ற கேள்வி. ஆறிலும் அந்தக் கேள்வி இருந்தது.

ஏழாவது கடிதத்தில் மூதாட்டி நின்றுவிட்டார். எந்த மழைக்காலத்திலோ பரணில் நீர் சொட்டியிருக்கிறது. ஒரு வரியில் மை பரவி, எழுத்து இருக்கிறது, புள்ளி இல்லை.

"என்ன பெரியம்மா?"

"காடு போச்சுன்னு எழுதிருக்காளா, காது போச்சுன்னு எழுதிருக்காளா? புள்ளி இருந்ததா இல்லையான்னு தெரியலியே வாப்பா."

காடு என்றால் அந்தப் பக்கத்தில் மானாவாரி நிலம். ஊரில் அவர்களுக்கு நிலம் இருந்ததா, விற்றார்களா என்று சொல்ல வீட்டில் இப்போது யாரும் இல்லை. கடைசி காலத்தில் அந்த உம்மாவுக்குக் காது கேட்டதா என்று சொல்லவும் ஆள் இல்லை.

பேரன் அந்த வரியை மட்டும் தனியாக ஒரு படம் எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்டாவது கடிதம்.